கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

சென்ற பொங்கல் விழாவில் பந்திக்காகக் காத்திருந்த நேரத்தில் நம் சங்கத்துச் சகோதரிகள் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து ஏறக்குறைய ஒரே புகாரைச் சொன்னார்கள். மொட்டைமாடித் தொட்டியில் வைத்த மல்லிகையின் இலை சாம்பல் தூவினது போல வெளுத்துப் போகிறதாம். மிளகாய்ச் செடியின் கொழுந்து சுருண்டு நின்றுவிட்டதாம். கடையில் கேட்டு மருந்து வாங்கி அடித்தார்களாம். அடித்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டதாம். "நீங்கதான் செடி கொடின்னு எப்பவும் மாடியிலேயே இருக்கீங்களே, என்னன்னு பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ஒருவர்.

நான் விவசாயம் படித்தவன் இல்லை. டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் தண்டவாளம் பார்த்தவன். ஆனால் அந்த வேலையில் ஒரு பழக்கம் கைவந்தது. தண்டவாள மூட்டுகளில் ஃபிஷ்பிளேட்டைக் கழற்றி, துரு, எண்ணெய் எல்லாம் துடைத்துவிட்டு, போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். அடிப்பக்கம் தெரிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு. இந்த இரண்டும் என் பையில் எப்போதும் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் பை மாறவில்லை. சகோதரிகள் சொன்ன மூன்று வீடுகளுக்கும் போய் இலையைத் திருப்பி, லென்ஸை வைத்துப் பார்த்தேன். மூன்று வீட்டிலும் ஒரே கூட்டத்தார்தான்: சிலந்திப் பேன்கள். ஆங்கிலத்தில் மைட் என்பார்கள். பேன் என்று பெயர் இருந்தாலும் பேன் இனம் இல்லை. பூச்சிக்கு ஆறு கால்; இதற்கு எட்டு. சிலந்தி, தேள், உண்ணி இவற்றின் தாயாதி.

இந்தக் கூட்டத்தாரை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் 1999-க்குப் போக வேண்டும். அது கொஞ்சம் சங்கடமான கதை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, சுக்கு, மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு பண்டகசாலையில் கணக்கு எழுதினவர். சிறுகச் சிறுகச் சேர்த்து நாலு சென்ட் இடம் வாங்கி வீடு கட்டினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி ஒரே ஒரு தென்னை. 1974-ல் அவரே குழி வெட்டி வைத்த பிள்ளை. அவர் காலமான பிறகு, அந்த மரத்துத் தேங்காயை உடைக்கும்போதெல்லாம் என் தாயார் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்.

1998-ன் கடைசியில் அந்த மரத்துக் காய்கள் கெடத் தொடங்கின. குரும்பையின் காம்பருகே தொப்பி மாதிரி மூடியிருக்குமே இதழ்கள், அவற்றின் விளிம்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு முக்கோணக் கீற்று. நாளாக ஆக அது மஞ்சளாகி, பழுப்பாகி, காய் பெரிதாகும்போது மரப்பட்டை போல நீளவாக்கில் வெடித்தது. சில காயில் பிசின் வடிந்தது. முற்றின காய் சிறுத்து, கோணலாக, ஒரு பக்கம் சப்பினது போல இருந்தது. மட்டையோ பாரையில் குத்தி உரிக்க முடியாதபடி இறுகிக் கிடந்தது. காய் பறிக்க வரும் மரமேறி ஒரே பார்வையில் சொன்னார்: "இது மண்டரியாணு சாரே."

மண்டரி என்று மலையாளிகள் பெயர் வைத்த அந்த ஜீவன்தான் தென்னை ஈரியோபைட் சிலந்திப் பேன். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது எங்கேயோ தூரதேசத்தில் இல்லை. இதே எர்ணாகுளம் மாவட்டத்தில், ஆம்பல்லூர் ஊராட்சியில், 1998-ல். கோட்டயம் ரயிலில் போகிறவர்களுக்கு முளந்துருத்தி தாண்டியதும் காஞ்ஞிரமற்றம் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வருமே, அந்தப் பக்கம்தான். அந்தப் பாதையில் நான் புஷ் டிராலியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பாதையோரத் தோப்புகளில் காய்கள் பழுப்பேறிக் கிடந்ததைப் பார்த்தும் இருக்கிறேன். "உரம் போடாமல் விட்டிருக்கிறார்கள்" என்று என் பாட்டுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டு, குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். லென்ஸ் பையில்தான் இருந்தது.

இந்தப் பேனுக்கு முதலில் பெயர் வைத்து விவரம் எழுதியவர் கெய்ஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1965-ல். மெக்ஸிகோவில் குவெர்ரெரோ மாநிலத்துத் தென்னையிலிருந்து எடுத்த மாதிரி என்பதால் அறிவியல் பெயரிலும் அந்த ஊர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் தென்னைகளைப் படுத்திவிட்டு, 1997-ன் கடைசியில் இலங்கையின் கற்பிட்டியில் தலைகாட்டியது. அடுத்த வருடம் ஆம்பல்லூர். அப்புறம் தமிழ்நாட்டுத் தோப்புகள், கர்நாடகம் என்று வேகமாகப் பரவியது. சிறகில்லாத பிராணி, காற்றுதான் அதற்கு வாகனம்.

இதன் அளவை ரயில்காரன் கணக்கில் சொல்கிறேன். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு சுமார். அகலம் நம் தலைமுடியை விடக் குறைவு. புழு மாதிரி உடம்பு. இந்த வகைக்கு மட்டும் எட்டுக் கால் இல்லை, முன்பக்கம் நாலே கால். பிறந்து வளர்ந்து முட்டையிட ஒன்றரை வாரம் போதும். பூ மகரந்தம் ஏற்பதற்கு முன்னால் அந்தத் தொப்பி இதழ்கள் குரும்பையோடு இறுகப் பற்றியிருக்கும். உள்ளே நுழைய வழி கிடையாது. குரும்பை வளரத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் இதழுக்கும் காய்க்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். தண்டவாள மூட்டில் வெயிலுக்கு விரிய நாங்கள் விடும் இடைவெளி நினைவுக்கு வரும் எனக்கு. அந்த இடுக்குக்குள் குடியேறி, இளம் திசுவிலிருந்து சாறு உறிஞ்சுகிறது. ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் குடித்தனம் நடக்கும். வெளியே நமக்குத் தெரிவது அந்த வெள்ளை முக்கோணம் மட்டும்.

மேலே எந்த மருந்தை அடித்தாலும் இதழுக்கு அடியில் இருப்பவரை அது தொடுவதில்லை. அதனால்தான் அந்த நாட்களில் "வேர் வழியாகக் கட்டு" என்று ஒரு யோசனை பரவியது. மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் விஷத்தைத் தண்ணீரில் கலந்து, பாலிதீன் பையில் ஊற்றி, பென்சில் கனமுள்ள உயிருள்ள வேர் ஒன்றைச் சாய்வாக வெட்டி அதற்குள் விட்டுக் கட்டிவிட வேண்டும். மரம் உறிஞ்சிக்கொண்டு காய்க்கு அனுப்பும். 45 நாள் காயோ இளநீரோ எடுக்கக்கூடாது.

1999 மே மாதம் நான் அதைச் செய்தேன். ஒரு கடைக்காரர் சொல்லித் தந்தார். பத்தடியில் கிணறு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எந்த வேரை வெட்டினேன் தெரியுமா? கிணற்றுப் பக்கம் போகிற வேரை. மண் இளக்கமாக இருந்தது, தோண்டச் சுலபம்!

கட்டி இருபது நாள் ஆகியிருக்கும். நான் லைனில் இருந்தேன். அன்று அடுத்த வீட்டுக்கு மரமேறி வந்திருக்கிறார். பள்ளிக்கூட விடுமுறை. என் மகனும் அவன் கூட்டாளியும் அவரைக் கெஞ்சி எங்கள் மரத்திலும் இரண்டு இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்திருக்கிறார்கள். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன், "அப்பா, நம்ம மரத்து இளநி நல்லா இனிப்பா இருந்துச்சுப்பா" என்றான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

இரண்டு பையன்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பாட்டிலில் இருந்த பெயரை வாசித்துவிட்டு டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரவு முழுவதும் வைத்துக் கவனித்தார்கள். வாந்தியில்லை, வியர்வையில்லை, கண்பாவை சரியாக இருந்தது. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. காலையில் வீட்டுக்கு வந்ததும் கிணற்றில் இறைப்பதை நிறுத்தினோம். ஒரு மாதம் குழாய்த் தண்ணீர்தான். பக்கத்து வீட்டம்மா, கூட்டாளிப் பையனின் தாயார், ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மனைவி சொன்னாள்: "மரம் போனா போகட்டுங்க. மாமா வெச்சதுதான், எனக்கும் வருத்தம்தான். ஆனா விஷம் இனிமே இந்த வாசப்படி தாண்டி வரக்கூடாது."

அந்த விஷத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005-ல் தடுத்தது. கேரள அரசு 2011-ல் அதையே விலக்கியது. பேனுக்கென்றே அப்போது சிபாரிசு செய்யப்பட்ட டைகோஃபால் 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது. இந்தியாவில் 2023-ல் தடையாயிற்று. எங்கள் வீட்டில் 1999-லேயே என் மனைவி தடை போட்டாயிற்று.

அதன் பிறகு காயங்குளத்திலும் காசர்கோட்டிலும் உள்ள தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லிவரும் வழிக்கு வந்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, பூண்டு 20 கிராம், சலவை சோப்பு 5 கிராம். சோப்பை வெந்நீரில் கரைத்து, பூண்டை அரைத்து வடிகட்டி, எண்ணெயைச் சேர்த்துப் பால் மாதிரி ஆகும் வரை கலக்கி அன்றைக்கே அடித்துவிட வேண்டும். முற்றின காய்களை இறக்கிவிட்டு, இளங்குலைகளில் படும்படி வருடம் மூன்று தடவை. இடுக்குக்குள் இருப்பவரை இது கொல்லாதே என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஒரு காயிலிருந்து இன்னொரு காய்க்குக் குடிமாறும்போது வெளியே வருகிறார்களே, அப்போது பிடிக்கிறது. கூடவே மரத்துக்குச் சாம்பலும் தொழு உரமும் பொட்டாஷும் வைத்தேன். கோடையில் தண்ணீர் விட்டேன். உதிர்ந்த குரும்பைகளைப் பொறுக்கி எரித்தேன். கடைசியாகச் சொன்னதுதான் சலிப்பான வேலை, அதனாலேயே எல்லாரும் விட்டுவிடுவது. பேன் அடியோடு போனது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் பத்துக் காயில் இரண்டு மூன்றில் வடு இருக்கும். ஆனால் சட்னிக்கும் குழம்புக்கும் வெளியில் தேங்காய் வாங்கிப் பல வருடமாயிற்று. புதிதாகப் பிள்ளை வைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சாவக்காட்டுச் செவ்விளநீர் ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு. நம் குமரி மாவட்டத்துக் குலசேகரம் நெட்டையிலிருந்து தேர்ந்தெடுத்த 'கல்ப ஹரிதா'விலும் அப்படியே.

இனி மொட்டைமாடிக்கு வருவோம். சகோதரிகள் கேட்டது அதைத்தானே.

தொட்டிச் செடிகளில் வருவது பெரும்பாலும் செஞ்சிலந்திப் பேன். தென்னைப் பேனைவிட இரண்டு மடங்கு பெரிது, அரை மில்லிமீட்டர் வரை. கண் நன்றாக இருப்பவர்களுக்கு ஓடும் புள்ளியாகத் தெரியும். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றை இலைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடக்கத் தொடங்கினால் தூசி இல்லை. விரலால் தேய்த்தால் காகிதத்தில் செம்பழுப்புக் கோடு விழும். இலையின் மேற்பக்கம் ஊசி குத்தினது போல வெளிர் புள்ளிகள். அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை. முற்றிய நிலையில் கொழுந்தையே வலை மூடிவிடும்.

மிளகாயில் வருவது வேறு ஆசாமி, முரணைச் சிலந்தி. இவர் கண்ணாடி மாதிரி நிறமற்றவர், லென்ஸில்கூடச் சிரமப்பட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் இலையைக் கேளுங்கள். விளிம்பு கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகு மாதிரி சுருண்டு, காம்பு எலிவால் போல நீண்டிருந்தால் முரணை. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது இலைப்பேன், ஆறுகால் பூச்சி, வைத்தியம் வேறு. மல்லிகையில் இலை, மொட்டு எல்லாம் வெள்ளைக் கம்பளி முளைத்தது போல இருந்தால், அது தென்னைப் பேனின் பங்காளி. அந்தக் கிளையை வெட்டி எரித்துவிடுவதே உத்தமம்.

மருந்து அடித்தபின் ஏன் மோசமானது? கடையில் "பூச்சி மருந்து" என்று கேட்டால் பூச்சிக்கானதைத் தருகிறார்கள். அதில் பல இந்தப் பேனை ஒன்றும் செய்வதில்லை. பேனைத் தின்று வாழும் கடுகளவு கறுப்புப் பொறிவண்டையும், வேட்டையாடும் நல்ல சிலந்திப் பேன்களையும்தான் சாகடிக்கின்றன. கேங்மேனை எல்லாம் லீவில் அனுப்பிவிட்டுத் தண்டவாளம் கெட்டுவிட்டதே என்று அங்கலாய்ப்பது மாதிரி. அந்த மூன்று வீட்டில் ஒரு வீட்டில் மூன்று விதமான புட்டிகள் இருந்தன. ஒன்றிலும் பேன் என்ற பேச்சே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்று வீட்டிலும் பாதிப்பு அதிகம் சன்ஷேடுக்கு அடியிலும் தகரக் கூரைக்குக் கீழும் இருந்த தொட்டிகளில். மழையும் பனியும் படாத இடம், சிமெண்ட் தளத்தின் சூடு, வறண்ட தூசி. பிப்ரவரியிலிருந்து மே வரை இவர்களுக்குத் திருவிழா. அந்தச் சூட்டில் முட்டையிலிருந்து தாயாக ஒரு வாரம் பத்து நாள்தான். ஜூனில் இடவப்பாதி மழை இறங்கியதும் வெட்டவெளிச் செடிகளில் பாதிக்கூட்டம் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே முதல் மருந்து தண்ணீர். காலையில் குழாயை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் ஒரு நாளோடு நிறுத்தினால் பிரயோஜனமில்லை. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நான் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் அடிப்பதில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். தொட்டிச் செடிக்குத் தென்னை அளவு வேண்டாம், லிட்டருக்கு 5 மில்லி போதும், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு. முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகே அடிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டு மறுபடியும். மல்லிகைக்கும் மிளகாய்க்கும் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் நல்ல பலன் தரும். ஆனால் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். எண்ணெய் அடித்து மூன்று வாரத்துக்குள் கந்தகம் கூடாது. இரண்டும் சேர்ந்தால் செடிக்குத்தான் ஆபத்து. போன வருடம் என் செம்பருத்தியை நானே இப்படிக் கருக்கினேன். மூக்கில் துணி கட்டிக்கொள்வது, பேரப்பிள்ளைகளைக் கீழே அனுப்புவது எல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, நமக்கென்றே உள்ள ஒரு விஷயம். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவர் பையிலும் ஒரு மல்லிப் பதியனோ ரோஜாக் குச்சியோ இருக்கும். என் மனைவியும் மதுரை மல்லி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வந்த கையோடு மற்ற தொட்டிகளின் நடுவில் வைத்தாள்; ஒரு மாதத்தில் ஏழு தொட்டியில் வலை. இப்போது எங்கள் வீட்டில் ஊர்ச் செடி எது வந்தாலும் தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம் தனியாக இரண்டு வாரம். லென்ஸ் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்றதோடு சேர்ப்பது. என் மனைவி இதைக் 'குவாரண்டைன்' என்றுதான் சொல்கிறாள். 2020-ல் எல்லாரும் கற்றுக்கொண்ட வார்த்தை.

பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று உபரியாக இருந்தது. அதையும் ஒரு கண்ணாடித் துண்டையும் சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். கண்ணாடியின் ஒரு மூலை உடைந்திருக்கிறது, கை பத்திரம்.